கீழ் ஞானப்பல்லை எப்போ எடுக்கணும்? (தாடை ஆப்பரேஷனுக்கு முன்னாடி)

பல்லவன்:
தாடையை வெட்டி நகர்த்தி பிளேட், ஸ்க்ரூ போட்டு நிறுத்தற ஆப்பரேஷனைப் பத்தி, "தாடை ஆப்பரேஷன் அன்னைக்கே ஞானப்பல்லையும் எடுத்துக்கலாம், ரெண்டு தடவை எதுக்கு அவஸ்தை"ன்னு இன்னொரு திரியில கம்பிநேசன் எழுதியிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. கீழ் ஞானப்பல்லை 6 மாசம் முன்னாடியே எடுக்கணும். கீழ்த்தாடையைப் பிளக்கிற வெட்டு தாடைக்கிளையோட (கடைவாய்க்குப் பின்னாடி காதை நோக்கி மேலே ஏறற தாடை எலும்பு) உள்பக்கம் ஆரம்பிச்சு, முன்விளிம்பு வழியா இறங்கி, ரெண்டாவது கடைவாய்ப்பல் பக்கத்துல வெளிச்சுவருக்கு வருது. ஞானப்பல் உட்கார்ந்திருக்கறது அதே பாதையில. சுத்தி எலும்பு மெலிசு. உளி போடும்போது கோடு விலகி வெளிச்சுவர் தனியா உடைஞ்சா, கூடுதல் பிளேட், கூடுதல் ஸ்க்ரூ. அதுவும் நிக்கலைன்னா வாரக்கணக்குல வாயைக் கட்டி வைக்கணும்.

கம்பிநேசன்:
பல்லவன் ஐயா மறுபடி பாடம் எடுக்க வந்துட்டார். பிளந்த பிறகு பல் கண்ணெதிரே தெரியும், எடுக்கறது சுலபம். முன்னாடியே தனியா எடுத்தா உதட்டு நரம்புக்கு ஆபத்து ரெண்டு தடவை. ஆய்வுகளும் ரெண்டு பக்கமும் பேசுது.

பல்லவன்:
எடுத்த குழியில ஸ்க்ரூ எதைப் பிடிக்கும்? காத்தையா? அதுக்குப் பதில் சொல்லுங்க.

மேல்தாடை:
மேல் ஞானப்பல்லை ஆப்பரேஷன்லயே எடுக்கறாங்களே? மேல்தாடையை இறக்கினதும் மேல்பக்கத்துலேர்ந்தே எடுத்துடலாம்.

பல்லவன்:
தலைப்புல "கீழ்"னு போட்டிருக்கேன். படிச்சுட்டு எழுதுங்க.

கம்பிநேசன்:
ஸ்க்ரூவைக் குழியிலயே போடணும்னு எந்தச் சட்டம்? குழிக்கு முன்னாடி பிளேட் வெச்சு, வெளிச்சுவர்ல மட்டும் சின்ன ஸ்க்ரூ போடலாம். இப்படிப் பிளக்கிற முறையைப் பத்தி 1957-ல ட்ரவுனர், ஒப்வெகெசர்னு ரெண்டு டாக்டர்கள் எழுதினதோட எல்லாம் நின்னுடல. 1961-லயே தால் பொன்ட்ங்கற டாக்டர் வெளிச்சுவர்ல போடற வெட்டை முன்னாடி கொண்டு வந்துட்டார்.

பல்லவன்:
வெட்டு முன்னாடி வந்தாலும் பிளவு ஞானப்பல் இருக்கற இடத்தைத் தாண்டித்தானே போகணும்? உங்க வரலாறே எனக்குச் சாட்சி. இன்னொண்ணு, 2 மாசம் முன்னாடி எடுக்கறது ரெண்டுங்கெட்டான். குழியில முத்தின எலும்பு இருக்காது, பல்லும் இருக்காது. அதான் 6 மாசம்.

வெள்ளிக்கம்பி:
இதைவிட முக்கியம் கம்பி. கிளிப்புல 19×25 (அங்குலத்துல ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு) தடிமன் எஃகுக் கம்பி போட்டு, பல் அசையறது அடங்கி 4 வாரமாவது ஆன பிறகுதான் ஆப்பரேஷனுக்கான கடைசி பல் அளவு எடுக்கணும். அளவெடுத்த பிறகு கம்பியை மாத்தினா ஸ்பிளின்ட் (தாடையைச் சரியான இடத்துல வைக்கப் பல்லுக்கு நடுவுல வைக்கிற அச்சுத் தகடு) பல்லுல உட்காராது, மேசையில படுத்திருக்கும்போது தெரியும். ரெண்டு தாடையையும் சேர்த்துக் கட்டக் கம்பியில அழுத்திப் பொருத்தற கொக்கி வேற வழுக்கும், பத்தவெச்ச கொக்கிதான் உறுதி.

கம்பிநேசன்:
சரியா அழுத்தினா வழுக்காது. போன மாசமும் இதே கொக்கியைப் பிடிச்சுத் தொங்கினீங்க.

வெள்ளிக்கம்பி:
ஆப்பரேஷன் மேசையில கொக்கி சுத்திக்கிட்டா ரெண்டு தாடையையும் சேர்த்துக் கட்ட முடியாது. தொங்கத்தான் செய்வேன்.

பல்லவன்:
கொக்கிச் சண்டைக்குத் தனித் திரி போடுங்க. கிளிப் போட்டு, உள்ளே சாய்ஞ்ச கீழ் முன்பல்லை நிமிர்த்தவே 12லேர்ந்து 18 மாசம் ஆகுது. அதுக்குள்ள ஞானப்பல்லை எடுக்க 6 மாசம் கிடைக்கலையா? முதல் ஓபிஜி எக்ஸ்ரேயிலயே (ரெண்டு தாடையும் எல்லாப் பல்லும் ஒரே படத்துல தெரியற எக்ஸ்ரே) பல் தெரியுதே!

கம்பிநேசன்:
கிளிப்புக்கு முன்னாடியே ஆப்பரேஷன் செய்யற முறையில அந்த 18 மாசம் எங்கேர்ந்து வரும்?

பல்லவன்:
அப்போ ஆப்பரேஷன் தேதியை 6 மாசம் தள்ளுங்க.

கம்பிநேசன்:
தள்ள மாட்டேன். அன்னைக்கே எடுக்கலாம்.

பல்லவன்:
ஸ்க்ரூ எதைப் பிடிக்கும்னு இன்னும் நேரா பதில் வரல.