4 அடி பவளத் தொட்டிக்கு எந்த டி5 ட்யூப், எந்த பாலாஸ்ட்?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. 120 செ.மீ. நீளம், 50 அகலம், 50 உயரத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். இப்போது மென்பவளங்களும் ஒரு ஹேமர் பவளமும் இருக்கின்றன, அப்புறம் பாறையின் உச்சியில் ஒன்றிரண்டு ஆக்ரோபோரா (அதிக வெளிச்சம் கேட்கும் கடினப் பவளம்) வைக்க ஆசை. வெளிச்சம் ஒரே சீராகப் பரவும் என்பதால் ட்யூப்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் 4 அடி டி5-இல் (மெல்லிய ஃப்ளோரசன்ட் ட்யூப்) 28 வாட், 54 வாட் இரண்டும் ஒரே நீளம், ஒரே ஊசி. ஒரு பாலாஸ்ட் (ட்யூபுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வாங்கி இரண்டையும் மாற்றி மாற்றிப் போடலாமா? பழைய டி8 (டி5-ஐவிடத் தடித்த ட்யூப்) பட்டை ஒன்று சோக், ஸ்டார்ட்டரோடு இருக்கிறது, அது உதவுமா? மொத்தம் எத்தனை ட்யூப் வேண்டும்?

பதில் 1:
மாற்றிப் போடவே கூடாது. இரண்டும் 1149 மி.மீ. நீளம்தான், ஆனால் 28 வாட் ட்யூப் சுமார் 170 மில்லி ஆம்பியருக்கும், 54 வாட் 'ஹை அவுட்புட்' ட்யூப் சுமார் 460 மில்லி ஆம்பியருக்கும் செய்யப்பட்டவை. ட்யூபுக்குள் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது பாலாஸ்ட்தான், அதனால் 54 வாட் பாலாஸ்ட்டில் 28 வாட் ட்யூபைப் போட்டால் முனைகள் சீக்கிரம் கறுத்து எரிந்துபோகும். ஆக்ரோபோரா எண்ணம் இருந்தால் 54 வாட்டுக்கே போங்கள். பழைய டி8 பட்டையை விட்டுவிடுங்கள், அதன் ஹோல்டரில் டி5 ஊசி பொருந்தாது, 54 வாட் டி5 எலக்ட்ரானிக் பாலாஸ்ட்டில் மட்டுமே ஓடும்.

பாலாஸ்ட்டில் பார்க்க வேண்டியது 'புரோகிராம்டு ஸ்டார்ட்' வகையா என்பதை. அது முதலில் ட்யூபின் இரு முனை இழைகளையும் சூடாக்கிவிட்டு அப்புறம்தான் எரியவைக்கும், அதனால் ஸ்விட்ச் போட்டதும் ஒரு கணம் தாமதம் தெரியும். சூடாக்காமல் உடனே எரியவைக்கும் 'இன்ஸ்டன்ட் ஸ்டார்ட்' வகை தினமும் அணைத்துப் போடும்போது இழையைத் தேய்த்துவிடும்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆக்ரோபோரா வைக்க ஆறு ட்யூப் வேண்டும், ஆறுக்கும் ஒரே பாலாஸ்ட் தேடாதீர்கள், இரண்டு ட்யூபுக்கு ஒன்று என மூன்று வாங்குங்கள். ஒன்று கெட்டாலும் தொட்டி இருட்டில் கிடக்காது, தனித்தனி டைமர் வைத்தால் காலையில் நீல ட்யூப் மட்டும், மதியம் எல்லாம், மாலையில் மறுபடி நீலம் என்று ஓட்டலாம். மென்பவளமும் ஹேமரும் மட்டும் என்றால் இந்த அளவுக்கு நான்கே போதும், ஆக்ரோபோராவுக்கு ஆறு.

ஆனால் எண்ணிக்கையைவிட நான் வலியுறுத்துவது ரிஃப்ளெக்டரைத்தான், அதாவது ஒளியைக் கீழே திருப்பும் தகட்டை. ஒவ்வொரு ட்யூபுக்கும் தனியாக வளைந்த ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும். வெள்ளை பெயின்ட் அடித்த தட்டையான கூரையின் கீழ் ஆறு ட்யூப் அடுக்கினால், மேலே போகும் ஒளியில் பெரும்பகுதி பக்கத்து ட்யூபிலேயே மோதி வீணாகும். உப்புக் கறை படிந்தாலும் பயனில்லை, அடிக்கடி ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், விளக்கை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகு.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பாலாஸ்ட்டை மூடிக்குள்ளேயே பொருத்தினால் இடம் மிச்சம் என்று நினைத்தேன், சரியா?

பதில் 2:
வேண்டாம். தொட்டிக்கு மேலே ஈரமும் உப்பும் சூடும் சேர்ந்து இருக்கும், பாலாஸ்ட்டுக்கு மூன்றுமே ஆகாது. காற்றோட்டமுள்ள இடத்தில், தண்ணீர் சொட்டாத மாதிரி வெளியே வையுங்கள். கம்பி எவ்வளவு நீளம் போகலாம் என்பது பாலாஸ்ட் மேலேயே அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. டி5 ட்யூப் சுற்றிலும் காற்று 35 டிகிரி இருக்கும்போதுதான் அதிகபட்ச ஒளி தரும், அதைவிடச் சூடேறினால் மங்கும், எனவே மூடியில் சின்ன மின்விசிறி வைத்து இதமாக ஓட விடுங்கள். நீர்புகாத ஹோல்டர், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி இரண்டும் கட்டாயம்.

பதில் 3:
ட்யூப் கிடைக்குமா என்று முதலிலேயே பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொது விளக்குக்கான டி5, டி8 ட்யூப்களைச் சந்தைக்குக் கொண்டுவருவது 2023 ஆகஸ்டிலேயே நிறுத்தப்பட்டது, பவளத்துக்கான நீல ட்யூப்களும் முன்பு போல எங்கும் கிடைப்பதில்லை. ஏறக்குறைய ஓராண்டில் ஒளி குறைந்து மாற்ற வேண்டிவரும், ஆகவே ஒரு செட் கூடுதலாக வாங்கி வையுங்கள். மாற்றும்போது ஆறையும் ஒரே நாளில் மாற்றினால் பவளம் வெளிறிப்போகும், வாரத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். பழையதை உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது.