தீட்டிய சில்லவுட் படங்கள் (பக்கவாட்டு முகத்தைக் கறுப்பு நிழலாகக் காட்டுபவை): மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

வடலண்டன்வாசி:
லண்டன் போர்ட்டபெல்லோ ரோடு, சனிக்கிழமைப் பழம்பொருள் சந்தை. வழக்கமான கறுப்புக் காகிதக்கூழ்ச் சட்டம், உள்ளே வெள்ளை பிளாஸ்டர் தகட்டில் தீட்டிய ஒரு பெண். அந்தக் காலத்துப் பெயர்பெற்ற சில்லவுட் ஓவியர் ஜான் மையர்ஸின் பட்டறை வேலை, பார்த்ததுமே தெரிந்தது. முகம் அட்டக்கரி. கூந்தலும் கழுத்து லேஸும் மட்டும் நீர்த்து நீர்த்து, பின்னாலிருக்கும் வெள்ளை தெரிகிற அளவுக்கு மெல்லியதாக. கண்ணாடியின் உட்புறம் அழுக்கு. "துடைத்தே தருகிறேன்" என்று கடைக்காரர் பின்பக்கத்தைப் பிரித்துவிட்டார். கண்ணாடியோடு நிறுத்தவில்லை. "வேண்டாம் சார், படத்தைத் தொடாதீர்கள்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஈரத்துணி லேஸ்மேல் போய்விட்டது. இருநூறு வருடம் தாங்கிய லேஸ், துணியில் சாம்பல் கறையாக இருந்தது. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

கறுப்புமை:
படிக்கவே வயிறு எரிகிறது. ஆனால் மையர்ஸ் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? பின்னால் பட்டறையின் பெயரும் முகவரியும் அச்சிட்ட சீட்டு இருந்ததா? லீட்ஸ்காரரான அவர் 1788இல்தான் லண்டன் வந்தார். சீட்டில் இருக்கும் முகவரியை வைத்தே காலத்தைக் கணிக்க முடியும். லேஸ் மென்மையாக இருந்தால் மட்டும் போதாது, அந்தக் காலத்தில் நன்றாகத் தீட்டியவர்கள் நிறையப் பேர்.

என் அனுபவம் சின்னது. ஓர் ஏலத்துக்கு முன்பான பார்வை நாளில், அதே காலத்து ஓவியர் இசபெல்லா பீத்தம் செய்த ஒன்று. குவிந்த கண்ணாடியின் உட்புறத்தில் தீட்டியிருந்தார். டார்ச்சைப் பக்கவாட்டில் நகர்த்தினேன். பின்னட்டையில் விழுந்த நிழல் நகர்ந்தது, அந்த அம்மாள் தலையைத் திருப்பியது போல. ஏலத்தில் என் கைக்கு எட்டவில்லை.

பழையசட்டம்:
மையர்ஸா இல்லையா என்பது இருக்கட்டும், புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிளாஸ்டரில் இருப்பதற்குத் தண்ணீர் கூடாது, ஈரச்சுவர் கூடாது, வெயிலும் கூடாது. பின்பக்கப் பழைய காகிதத்தைக் கிழிக்காதீர்கள், சீட்டு அதில்தான் ஒட்டியிருக்கும். லென்ஸில் பாருங்கள்: வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு, வைத்துவிட்டு நகருங்கள். காகிதத்தைக் கத்தரித்துச் செய்த படத்தையும் தீட்டியதையும் ஒரே விலைக்குப் பேசுகிறவரிடம் கூடுதலாக விசாரியுங்கள். மோதிரத்திலும் ப்ரூச்சிலும் வரும் குட்டிப் படங்கள் பல யானைத்தந்தத்தில் தீட்டியவை. பிரிட்டனில் தந்தப் பொருள் விற்பதைத் தடுக்கும் தந்தச் சட்டம் 2022 ஜூனிலிருந்து அமலில் இருக்கிறது. 1918க்கு முந்தைய, 320 சதுர செ.மீ.க்கு மிகாத சிறு உருவப்படங்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் விற்பதற்கு முன் பதிவு செய்தாக வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.