ஞாயிறு டூட்டி: ஆஃப் கேட்பதா, டூட்டியையே கேட்டு வாங்குவதா?

கேள்விப்பெட்டி

சென்னையில் தனியார் மருத்துவமனை ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர். மகப்பேறு விடுப்பு முடிந்து அடுத்த மாதம் டூட்டிக்குத் திரும்புகிறார். குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம், தாய்ப்பால் மட்டுமே. காலை 8 முதல் இரவு 8 வரை டூட்டி, வாரத்துக்கு நான்கு நாள், போய்வர இரண்டு மணி நேரம். சனி, ஞாயிறும் சுழற்சியில் வரும். கணவருக்குச் சனிக்கிழமை மதியம் 2 வரை வேலை, ஞாயிறு லீவு. திங்கள் முதல் வெள்ளி வரை முழு நாளும், சனிக்கிழமை 1 மணி வரையும் ஆயா வருவார். ஞாயிறு வரமாட்டார். மாமியார் ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் இருக்க முடியும்.

முதல் ஆறு மாதத்துக்கு ஞாயிறு ஆஃப் வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது சரியா? வேறு வழி உண்டா?

ரோஸ்டர்_ராணி

ஞாயிறு ஆஃப் கேட்கவே வேண்டாம். நேர்மாறா, "எல்லா ஞாயிறும் எனக்கு டே டூட்டி போடுங்க, பதிலுக்கு என் ஆஃப் நாளை மாத்தாதீங்க"ன்னு கேட்கச் சொல்லுங்க. அப்பா முழுசா வீட்டில் இருக்கிற ஒரே நாள் அதுதான். அந்த நாளை லீவா வாங்கிட்டு, ஆளே இல்லாத சனிக்கிழமை மதியத்தில் மாட்டிக்கறது என்ன கணக்கு?

நாலு டூட்டியை இப்படிப் போடலாம்: ஞாயிறு, திங்கள், புதன், வியாழன். ஆஃப்: செவ்வாய், வெள்ளி, சனி. சனிக்கிழமைப் பிரச்சினையே காணாமப் போயிடும். வார்டில் எல்லாருக்கும் ஞாயிறு ஆஃப் வேணும்; இன்சார்ஜ் சிஸ்டருக்கு அந்த நாளை நிரப்புறதுதான் தலைவலி. வாராவாரம் வர்றேன்னு ஒருத்தர் சொன்னா, பதிலுக்கு அவர் கேட்கிறதுக்கு மதிப்பு இருக்கும்.

வாய்வார்த்தையா வெச்சுக்காதீங்க. நர்ஸிங் சூப்பரின்டெண்டுக்குக் கடிதம் போகணும்: எந்தெந்த நாள், எந்த தேதி முதல் எந்த தேதி வரை, நைட் டூட்டி பற்றி என்ன ஏற்பாடு. முடியும் தேதி இல்லாத கோரிக்கைக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க.

தூளிக்கயிறு

ராணி அக்கா சொல்வது காகிதத்தில் அழகாக இருக்கிறது. இன்னொரு சிஸ்டர் திடீரென்று லீவு போட்ட அன்று, "இந்த ஒரு சனிக்கிழமை மட்டும் வந்துடும்மா" என்று போன் வரும். அந்த ஒரு சனிக்கிழமைக்கு வீட்டில் என்ன ஏற்பாடு? அதைச் சொல்லாமல் ரோஸ்டர் போட்டுப் பயனில்லை.

அதைவிடப் பெரிய விஷயம்: ஐந்து மாதக் குழந்தையோடு ஒரு அப்பா தனியாக 14 மணி நேரம். தாய் நேரடியாகக் கொடுக்கும் பாலைத் தவிர வேறெதுவும் அறியாத குழந்தை அது. முதல் நாளே முழு ஞாயிறை அவர் கையில் கொடுத்தால் பத்து மணிக்குள் அழுகை, பன்னிரண்டு மணிக்குப் பக்கத்துக் கடையில் பால் பவுடர். அம்மாவும் அப்பாவும் ஒரே நாளில் வீட்டில் இருக்கும் நாளே இல்லாமல் போவதையும் கணக்கில் சேருங்கள். இரண்டு மாதத்தில் அது வேறு சண்டையாக வரும். காசு கூடப் போனாலும் பரவாயில்லை, ஞாயிறுக்கென்று தனியாக ஒரு ஆயா வையுங்கள். அப்பா மேற்பார்வை பார்க்கட்டும்.

பாலாடை

ஆள் யார் என்பதற்கு முன்னால் பால் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். தாய் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 30 முதல் 40 மில்லி. 14 மணி நேரத்துக்கு 420 முதல் 560. நடுவில் 480 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 60 மில்லி வீதம் எட்டுப் பங்கு. 120 மில்லியாக அடைத்து வைத்தால், குழந்தை பாதி குடித்துவிட்டுத் தூங்கியதும் மீதி வீண். வாய் வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

இந்த 480-ஐ ஒரே நாளில் பம்பு வைத்து எடுக்க முயல்வதுதான் பலர் செய்யும் தவறு. தினமும் காலை முதல் பாலூட்டலுக்குப் பிறகு 80 மில்லி எடுத்தால் ஆறு நாளில் சேர்ந்துவிடும். ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் நான்கு நாள் தாங்கும். ஆகவே ஞாயிறு டூட்டிக்கு, புதனுக்குப் பிறகு எடுத்ததை ஃப்ரிட்ஜின் உள்பக்கம் வைக்கலாம் (கதவில் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடாகும்). அதற்கு முந்தியதை உறைய வைக்க வேண்டும். உறைந்தது உருகியபின் ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம்தான். மறுபடி உறைய வைக்கக் கூடாது. அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் என்று பால் சேமிப்புப் பை பாக்கெட்டில் போட்டிருப்பது 25 டிகிரி வரைக்கும். சென்னைச் சமையலறைக்கு அது பொருந்தாது.

இந்தச் சேமிப்பு ஒருமுறைதான். டூட்டியில் எடுக்கும் பால் அடுத்த டூட்டி நாளுக்கு ஆகிவிடும். 12 மணி நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, தடவைக்கு 15, 20 நிமிடம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை சாப்பாட்டு இடைவேளை போகப் பாலூட்ட இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு. மூன்றாவதும் தேவைப்படும், அதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். வார்டில் இருக்கும் தடுப்பூசி ஃப்ரிட்ஜில் பாலை வைக்கவே கூடாது. ஊழியர் பேன்ட்ரி ஃப்ரிட்ஜ், இல்லையென்றால் உறைந்த ஐஸ் பேக் போட்ட பை. அந்தப் பையில் 24 மணி நேரம் வரை தாங்கும், பஸ் பயணத்துக்குக் கவலையில்லை.

அப்பா தனியாகச் சமாளிக்க முடியாது என்பதை நான் ஏற்கவில்லை. பாட்டில் மறுக்கும் குழந்தைக்கு நம்மூர்ச் சங்கு இருக்கிறதே. குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, சங்கின் மூக்கை வாயோரத்தில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அழும்போது ஊற்றினால் புரையேறும். பயிற்சி மூன்று வாரம் முன்பே தொடங்கணும், அதுவும் அம்மா வீட்டில் இல்லாதபோது. அம்மாவின் வாசனை பக்கத்து அறையில் இருந்தால் எந்தக் குழந்தையும் சங்கைத் தொடாது. முதலில் ஒரு வேளை, பிறகு நான்கு மணி நேரம், கடைசி ஞாயிறு முழு நாள் ஒத்திகை.

காப்பகக்_கணக்கு

ஆயா, அப்பா என்று மட்டும் பேசுகிறீர்கள். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்குக் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். மருத்துவமனை ஞாயிறும் திறந்திருக்கிறது, காப்பகமும் திறந்திருக்க வேண்டும் என்று ஊழியர்கள் சேர்ந்து கேட்டால் பேசக்கூடிய விஷயம்தான்.

ரோஸ்டர்_ராணி

சார், 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டியில் காப்பக வயது ஆறு மாதம் முதல் ஆறு வயது. இந்தக் குழந்தைக்கு ஐந்து மாதம். அரசின் பால்னா காப்பகங்களும் ஆறு மாதத்திலிருந்துதான். மாதம் 26 நாள், தினம் ஏழரை மணி நேரம். 12 மணி நேர டூட்டிக்கு ஏழரை மணி நேரக் காப்பகம் எப்படிப் போதும்? தனியார் காப்பகங்களும் பெரும்பாலும் ஞாயிறு பூட்டுதான்.

காப்பகக்_கணக்கு

வயது விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் திரும்பும் தேதியையே தள்ளலாமே. 26 வாரத்தில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் எட்டு வாரம் எடுக்கலாம். இவர் நான்கு வாரம் எடுத்திருப்பார். மீதி 22 வாரம், அதுதான் ஐந்து மாதம். ஈட்டிய விடுப்பு நான்கு வாரம் சேர்த்தால் ஆறு மாதம் தொட்டுவிடும். கூழ், மசித்த பருப்புச் சாதம் ஆரம்பித்துவிட்டால் 480 மில்லி நெருக்கடியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். ஒன்று மட்டும்: புதுச் சாப்பாட்டை ஞாயிறு டூட்டி நாளில் ஆரம்பிக்காதீர்கள். தாய் வீட்டில் இருக்கும் ஆஃப் நாளில் ஆரம்பித்து மூன்று நாள் பார்த்த பிறகே அப்பா கைக்குப் போக வேண்டும்.

பாட்டி_கட்சி

ஒரு மாதம் வருகிற மாமியாரைப் பத்தி யாருமே பேசலையே. அந்த ஒரு மாதத்தை டூட்டியின் முதல் மாதத்தில் வெச்சுக்கோங்க, விடுப்பிலேயே செலவழிச்சுடாதீங்க. நாலு ஞாயிறும் பாட்டி பார்த்துப்பாங்க, அப்பா பக்கத்தில் நின்னு கத்துக்கட்டும். ஆயிரம் ஆயாவுக்கு ஒரு பாட்டி சமம்.

தூளிக்கயிறு

சமம்தான். கூடவே உரைமருந்தும் வரும். வசம்பை உரசி நாக்கில் வைப்பது, தேன் தடவுவது, வாய் உலர்கிறதென்று தண்ணீர் புகட்டுவது. ஆறு மாதம் வரை தண்ணீரே வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிரால் குழந்தைக்கு உடல் தளர்ந்துபோகும் நோய் வரலாம். இதை மருமகள் சொன்னால் சண்டை. தடுப்பூசிக்குப் போகும்போது மாமியாரையும் கூட்டிப்போய் டாக்டர் வாயால் சொல்லவைப்பது நல்லது.

தூளியும் அப்படித்தான். புரளத் தொடங்கிய குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு ஆள் அடுத்த அறைக்குப் போகக் கூடாது. முகம் துணியில் புதைந்தால் சத்தம்கூட வராது.

பாட்டி_கட்சி

தேன் விஷயத்தில் மறுப்பில்லை. ஆனா நாளைக்கே ஆரம்பிக்கிற ஞாயிறு ஆயா இதையெல்லாம் செய்யமாட்டாள்னு எப்படிச் சொல்றீங்க? பாட்டிகிட்ட சண்டையாவது போடலாம்.

பாலாடை

யாராக இருந்தாலும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்க வேண்டும். அதில் மிக முக்கியமான வரி காய்ச்சல் மருந்து. பாரசிட்டமால் ஒரு வேளைக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஆறரைக் கிலோ குழந்தைக்குச் சுமார் 97. சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், ஆகவே ஒரு மில்லி போதும். சிரப்பில் ஐந்து மில்லியில் 120 அல்லது 250. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை ஐந்து மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம், ஐந்து மடங்கு. வீட்டில் ஒரே ஒரு பாட்டில்தான் இருக்க வேண்டும். அளவை அதன்மேலேயே பேனாவால் எழுதுங்கள். கொடுக்கும் முன் அம்மாவுக்கு போன். 108 ஆம்புலன்ஸ் எண்ணும் குழந்தை டாக்டர் எண்ணும் அதே தாளில்.

தடுப்பூசியை வெள்ளி, சனியில் போடாதீர்கள். அடுத்த ஓரிரு நாளில் வரும் காய்ச்சல் ஞாயிறு அப்பா கையில்தான் விழும்.

ரோஸ்டர்_ராணி

தூளிக்கயிறு கேட்ட "அந்த ஒரு சனிக்கிழமை"க்குப் பதில். ஆயா 1 மணிக்குக் கிளம்பறாங்க, அப்பாவுக்கு வேலை 2 மணிக்கு முடியுது, வீடு சேர 3 ஆகும். ஓட்டை அந்த இரண்டு மணி நேரம்தான். சனிக்கிழமை மட்டும் ஆயாவை மூன்றரை வரை இருக்கச் சொல்லி, அந்த இரண்டரை மணி நேரத்துக்குத் தனிக் கூலி முன்பே பேசி வைங்க. அன்னிக்கு அம்மாவுக்கு டூட்டி இல்லாட்டியும் கூலியைக் கொடுங்க. மாசத்துக்கு நாலு தடவை கிடைக்கிற காசுக்குத்தான் அவங்க தயாரா இருப்பாங்க, எப்பவாவது கூப்பிட்டா வரமாட்டாங்க. அரைமணி நேரம் ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கணும்: கடைசியா எப்ப குடிச்சது, எத்தனை ஈரத்துணி, எப்ப தூங்குச்சு.

தூளிக்கயிறு

இதை ஏற்கிறேன். ஆனால் ஞாயிறுக்கு அப்பா மட்டும் என்பதை இன்னும் ஏற்கவில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தால்? இரண்டாவது ஆள் எங்கே? முதல் மூன்று மாதமாவது ஞாயிறு காலை 9 முதல் மதியம் 1 வரை ஒருவர் வரட்டும். துணி துவைக்க, சங்கையும் பம்பு பாகங்களையும் சோப்புப் போட்டுக் கழுவி ஐந்து நிமிடம் கொதிக்கவைக்க. குழந்தையைத் தொடவே வேண்டாம்.

பாலாடை

அந்த நான்கு மணி நேரம் நியாயம்தான்.

ஃப்ரிட்ஜ் பற்றி ஒரு திருத்தம், மேலே விட்டுப்போயிற்று. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள்ளே இருக்கும் ஐஸ் பெட்டி மைனஸ் 18 டிகிரிக்குப் போகாது; அதில் உறைந்த பாலை இரண்டு வாரத்துக்கு மேல் நம்பாதீர்கள். ஆறு மாதம் என்பது தனிக் கதவுள்ள ஃப்ரீசருக்கு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9 முதல் மதியம் 2 வரை, சனிக்கிழமையும் வருவதுண்டு. ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும், மின்தடையோ ஐந்து. அன்றைக்கு வேண்டிய பாலை 9 மணிக்கு முன்பே ஐஸ் பேக் பைக்கு மாற்றிவிட்டு, மாலை வரை ஃப்ரிட்ஜ் கதவைத் தொடாதீர்கள்.