புதுப்பிப்பு: வேர்ட்பிரஸ் பதிவு முகவரியின் இறுதியில் ‘பிரிண்ட்’ சேர்த்துத் தனி வார்ப்புருவைத் திறத்தல்

வேர்ட்பிரஸில் (இணையதளம் நடத்த உதவும் மென்பொருள்) எந்தப் பதிவின் முகவரிக்குப் பின்னும் ‘/பிரிண்ட்/’ என்று சேர்த்தால் அச்சுக்கேற்ற தனி வார்ப்புரு (பக்கத்தின் அமைப்பைத் தீர்மானிக்கும் டெம்ப்ளேட் கோப்பு) திறக்க வேண்டும், ஆனால் ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பிழையே வருகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். விடை சொன்ன அனைவருக்கும் நன்றி.

முகவரியின் இறுதியில் புதிய சொல்லை ஏற்கச் செய்யும் ‘ஆட்_ரீரைட்_எண்ட்பாயிண்ட்’ அழைப்பை ‘இனிட்’ ஹூக்கில் (வேர்ட்பிரஸ் தொடங்கும்போது நம் நிரலை ஓடவிடும் இடம்) வைத்தபின், செட்டிங்ஸில் உள்ள பெர்மாலிங்க்ஸ் (முகவரி அமைப்பு) பக்கத்தை எதையும் மாற்றாமல் ஒருமுறை சேமிக்கச் சொன்ன யோசனைதான் 404ஐப் போக்கியது. முகவரி விதிகள் தரவுத்தளத்தில் சேமிக்கப்பட்டிருப்பதால், அவற்றைப் புதுப்பிக்கும்வரை புதிய விதி நடைமுறைக்கு வராது. (இதற்காக, விதிகளைப் புதுப்பிக்கும் ‘ஃப்ளஷ்_ரீரைட்_ரூல்ஸ்’ஐ ஒவ்வொரு பக்கத் திறப்பிலும் ஓடவிடுவது வீண் சுமை, பிளகினை (கூடுதல் வசதி தரும் செருகுநிரல்) இயக்கும்போது ஒருமுறை ஓடினால் போதும்.)

எதிர்பாராதது அதற்குப் பிறகே வந்தது. பிழை நீங்கியும் வழக்கமான வார்ப்புருவே திறந்தது. ‘பிரிண்ட்’டுக்குப் பின் மதிப்பு எதுவும் இல்லாதபோது, அந்த மதிப்பைப் படிக்கும் ‘கெட்_க்வெரி_வார்’ வெற்றுச் சரத்தைத் தருகிறது; அந்தச் சொல்லே இல்லாத முகவரிக்கும் அதையேதான் தருகிறது என்பதால், இரண்டையும் அதைக் கொண்டு பிரித்தறிய முடியாது. ஆகவே எந்த வார்ப்புரு திறக்க வேண்டும் என்பதை மாற்றவிடும் ‘டெம்ப்ளேட்_இன்க்ளூட்’ ஃபில்டருக்குள், முகவரியிலிருந்து பெற்ற பெயர்களும் மதிப்புகளும் உள்ள ‘க்வெரி_வார்ஸ்’ பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று ‘இஸ்செட்’ கொண்டு சோதித்ததும் சரியாயிற்று.

‘ஆட்_ரீரைட்_எண்ட்பாயிண்ட்’ அழைப்பில், எந்த வகை முகவரிகளுக்கு என்று குறிப்பிடும் இடத்தில், பதிவுகளுக்கு ‘ஈபி_பெர்மாலிங்க்’ போதும். நிலைப்பக்கங்களுக்கும் வேண்டுமெனில் ‘ஈபி_பேஜஸ்’ஐயும் சேர்த்துவிட்டு, பெர்மாலிங்க்ஸ் பக்கத்தை மறுபடியும் சேமிக்க வேண்டும்.