கடலில் இறங்கிய சுழலும் ரியாத்தில் எழுந்த புழுதிச் சுவரும்: நாம் நேரில் கண்டவை

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து:

உறவுகளுக்கு வணக்கம். சித்திரை மாதத்துப் பிற்பகல் ஒன்றில் கரையோர ரயில் பாதையை ஒட்டி நின்றிருந்தபோது, தெஹிவளைப் பக்கமாகக் கடல்மேல் திரண்ட கருமேகத்தின் அடியிலிருந்து யானைத் துதிக்கை போன்ற ஒன்று நீண்டு இறங்குவதைக் கண்டேன். அதன் நுனி கீழே வந்து சேருமுன்பே கடற்பரப்பில் வெண்திவலைகள் வட்டமாகச் சுழன்று சிதறிக்கொண்டிருந்தன. சில நிமிடங்களில் அது மெலிந்து, வளைந்து, நடுவில் அறுந்து மறைந்தது. மேகம் கடல்நீரை உறிஞ்சுகிறது என்று அருகில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். உண்மையில், கண்ணுக்குத் தெரியும் அந்தத் தூணின் பெரும்பகுதி கடல்நீர் அல்ல. சுழலின் நடுவே அழுத்தம் குறைந்து காற்று குளிர்வதால், அதிலுள்ள நீராவியே நுண்துளிகளாக மாறி நமக்குத் தெரிகிறது. வெவ்வேறு திசைக் காற்றுகள் சந்திக்கும் இடத்தில் தோன்றும் சிறு சுழலை, மேலே வளரும் மேகம் இழுத்து நீட்டுகிறது. சுழல் ஒடுங்க ஒடுங்க அதன் வேகம் கூடுகிறது.

அமெரிக்கச் சமவெளிகளில் நிலத்தின்மேல் வீசும் டொர்னாடோ எனும் சுழல்காற்றுகளில் மிகக் கொடியவை வேறு வகையில் பிறப்பவை. அங்கே மெக்சிக்கோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றின்மேல் மேற்கிலிருந்து வறண்ட காற்று படர்கிறது. உயரத்துக்கு ஏற்பக் காற்றின் திசையும் வேகமும் மாறுவதால் கிடையாக உருளும் காற்றை, மேலெழும் ஓட்டம் நிமிர்த்தி, இடிமேகத்தையே சுழல வைக்கிறது. இது நமக்குத் தொலைவான செய்தி என்று எண்ண வேண்டாம். 1989 ஏப்ரல் 26 அன்று வங்காளதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தைத் தாக்கிய டொர்னாடோவில் ஏறத்தாழ 1,300 பேர் இறந்தார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

வெள்ளவத்தை அண்ணா கண்டது மேலெழும் காற்றின் வேலை. நான் ரியாத்தில் பணிபுரிந்த காலத்தில் கண்டது கீழிறங்கும் காற்றின் வேலை. பிற்பகலில் திடீரெனக் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. அதில் நனைந்த மண்ணின் வாசனை இருந்ததால் மழை வரப்போகிறது என்று மகிழ்ந்தோம். வந்ததோ, அடுக்குமாடிகளை விழுங்கியபடி நகர்ந்த செம்பழுப்பு நிறப் புழுதிச் சுவர். சற்று நேரத்தில் தெருவிளக்குகள் எரிந்தன. கதவிடுக்குகளில் ஈரத் துவாய்களைச் செருகி வைத்தும், அன்றிரவு சோற்றில் மணல் கடிபட்டது.

ஹபூப் எனப்படும் இந்தப் புயலுக்கும் இடிமேகமே காரணம். மேகத்திலிருந்து விழும் மழை, கீழேயுள்ள வறண்ட காற்றில் பெரும்பாலும் தரையைத் தொடாமலே ஆவியாகிவிடுகிறது. அவ்வாறு ஆவியாவது காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று வேகமாக இறங்கித் தரையில் மோதி, நாலாபுறமும் பரவி, தளர்ந்த மண்ணை வாரி எழுப்புகிறது. கொழும்பில் மாலை மழைக்குச் சற்று முன்னர் வீசும் குளிர்காற்றும் இதே வகையானதுதான். இங்கே மண் ஈரமாகவும் புல் மூடியும் இருப்பதால் புழுதி எழுவதில்லை, அவ்வளவே.

ரியாத்தின் மண் ஏன் அப்படி வறண்டு கிடக்கிறது என்பதற்கும் இறங்கும் காற்றே பெரிதும் காரணம் என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. பூமத்திய ரேகையை அண்டிய பகுதிகளில் சூடாகி எழும் ஈரக்காற்று, தன் மழையை அங்கேயே கொட்டிவிட்டு, உயரத்தில் வடக்கும் தெற்குமாகப் பரவி, ஏறத்தாழ 30 பாகை அகலாங்கை அண்டி மீண்டும் இறங்குகிறது. இறங்கும் காற்று அமுக்கப்படுவதால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் சுமார் 10 பாகை செல்சியஸ் சூடேறுகிறது. அதனால் அங்கே மேகம் திரள்வது அரிதாகிறது. சகாராவும் அரேபியப் பாலைவனமும், தெற்கே கலகாரியும் அவுஸ்திரேலியாவின் உட்பகுதியும் இந்த இரண்டு பட்டைகளில்தான் அமைந்துள்ளன. கடலோரமாக இருந்தும் தென் அமெரிக்காவின் அட்டக்காமா பாலைவனம் வறண்டிருப்பதற்கு, குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டமும் ஒரு காரணம்.

பம்பலப்பிட்டியிலிருந்து (சொந்த ஊர் மட்டக்களப்பு):

இறங்கும் காற்றை அனுபவிக்கச் சவூதிக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் ஊரில் ஆனி, ஆடி மாதங்களில் வீசும் கச்சான் காற்றும் அதுவே. கொழும்பில் தென்மேல் பருவக்காற்று மழை பெய்யும் அதே நாட்களில், ஊரில் கொடியின் ஒரு முனையில் சாரத்தைப் போட்டுவிட்டு மறுமுனைக்கு வருவதற்குள் முதலாவது காயத் தொடங்கிவிடும், உதடு வெடிக்கும், கிணற்று நீர் கீழே போகும்.

அந்தக் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது மழையைப் பொழிந்துவிடுகிறது. வட்டவளைப் பகுதியில் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரையும் தாண்டும். நீராவி மழைத்துளியாக மாறும்போது வெளிப்படும் வெப்பம் காற்றிலேயே தங்குவதால், ஏறும்போது அது மெதுவாகவே குளிர்கிறது. மறுபக்கம் வறண்டு இறங்கும்போது விரைவாகச் சூடேறி, புறப்பட்டதைவிட வெப்பமாக எங்களை வந்தடைகிறது. ஆர்ஜென்டீனாவில் அந்தீஸ் மலைக்குக் கிழக்கே பற்றகோனியா பாலைவனமாகக் கிடப்பதும் இத்தகைய மழைமறைவினால்தான். மட்டக்களப்பு அவ்வாறு ஆகாமல் காத்தது, ஐப்பசிக்குப் பின்னர் வங்கக் கடலிலிருந்து நேரே எங்கள் கரைக்கு வரும் வாடைக்காற்றின் மழை. ஊர்க்காரர்கள் பெரும்போக விதைப்பை அந்த மழையை நம்பியே தொடங்குகிறார்கள்.