வாடி ரம் நைட் ஷூட்: அமாவாசைக்கே போகணுமா?

பாலைப்பூனை:
மே நடுவுல ஜோர்டான் போறோம், வாடி ரம் பாலைவனத்துல ரெண்டு நைட் தங்கல். பால்வெளியும் அந்த செவப்புப் பாறையும் ஒரே ஃப்ரேம்ல வேணும். கையில கிராப் சென்சார் (சின்ன சைஸ் சென்சார்) கேமரா, கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ், சுமாரான ட்ரைபாட். எல்லாரும் அமாவாசைக்குப் போ அமாவாசைக்குப் போன்னே சொல்றாங்க, ஆனா நிலா இல்லன்னா பாறை கரிக்கட்டையா விழாதா? தேதி இன்னும் மாத்தலாம், அதான் கேக்கறேன்.

மொட்டமாடி_வானம்:
அமாவாசை கழிஞ்சு சதுர்த்தி பஞ்சமி வாக்குல போங்க. மே நடுவுல அங்க பால்வெளியோட மையம் ராத்திரி பத்துக்கு மேலதான் தென்கிழக்குல எழும், அந்தப் பிறை 11 மணி வாக்குல மேற்க அடையும். நீங்க தென்கிழக்கு பாத்து நின்னா நிலா உங்க முதுகுப்பக்கம், பாறையோட முகத்துல நேரா வெளிச்சம் விழும், மணல்ல காத்து போட்ட வரி வரைக்கும் தெரியும். அப்பவே பாறைக்கு ஒண்ணு எடுத்துட்டு ட்ரைபாடை அசைக்காம உக்காருங்க, நிலா அடைஞ்சதும் வானத்துக்கு இன்னொண்ணு, வீட்டுக்கு வந்து சேத்துக்கலாம். டார்ச் அடிச்சு எடுக்காதீங்க ப்ளீஸ், பாறை பிளாஸ்டிக் மாதிரி ஆயிடும்.

ஐஎஸ்ஓ_அண்ணாச்சி:
கிட் லென்ஸ் தாராளமா போதும். ஜூமை 18ல வச்சு லென்ஸை முழுசா திறந்து எஃப் 3.5, வெளிச்ச உணர்திறன் ஐஎஸ்ஓ 3200ல ஆரம்பிங்க, அப்புறம் திருத்த வசதியா ரா ஃபைல் கட்டாயம். நட்சத்திரம் கோடு இழுக்காம எவ்ளோ நேரம் ஷட்டரைத் திறந்து வைக்கலாம்னு பாக்கற 500 ரூல் கணக்குல, 18ஐ கிராப் சென்சாருக்காக ஒன்றரையால பெருக்கி, 500ஐ அதால வகுத்தா சுமார் 18 செகண்ட் வரும், ஆனா ஜூம் பண்ணிப் பாத்தா அதுலயே நட்சத்திரம் கோடு இழுக்கும், 13-15 செகண்டோட நிறுத்திக்கோங்க. ஆட்டோ ஃபோகஸை ஆஃப் பண்ணிட்டு லைவ் வியூல, அதாவது கேமரா திரையில, ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெருசாக்கி அது புள்ளியா சுருங்கற வரைக்கும் ரிங்கைத் திருப்புங்க.

கல்லும்_மண்ணும்:
ரெண்டு நேரத்துல எடுத்து ஒட்டறது எனக்கு ஒப்பல, அது அவரவர் இஷ்டம். நிலா அடைய அரை மணி இருக்கும்போது ஒரே ஃப்ரேம்ல எடுத்துப் பாருங்க, பால்வெளி அப்ப அடிவானத்தை ஒட்டி படுத்தாப்ல இருக்கும், பாறையிலயும் கொஞ்சம் மஞ்ச வெளிச்சம் மிச்சம் இருக்கும், கொஞ்சம் மங்கலா வந்தாலும் உண்மையான படம்.

அத விட முக்கியம் கேம்ப். இப்ப பபுள் டென்ட் (வானம் தெரியற கண்ணாடி மாதிரி உருண்டைக் கூடாரம்) ஜாஸ்தி, ராத்திரி பூரா லைட்டு எரியும். டிஸி ஊர்ப்பக்கம் இருக்கறத விட்டுட்டு உள்ள தள்ளி புக் பண்ணுங்க, லைட்ட எப்ப அணைப்பீங்கன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. உம் ஃப்ரூத் ஆர்ச்சுக்கு (இயற்கையான பாறை வளைவு) ஜீப்ல பகல்லதான் கூட்டிட்டுப் போவாங்க, ராத்திரி போகணும்னா தனியா பேசணும். பகல்லயே காம்பஸ் வச்சு எந்தப் பாறைக்குப் பின்னாடி தென்கிழக்கு வருதுன்னு பாத்து வைங்க.

பாலைப்பூனை:
அப்ப பஞ்சமிக்கே மாத்திடறேன். மணல்ல ட்ரைபாட் நிக்குமா?

ஐஎஸ்ஓ_அண்ணாச்சி:
காலை நல்லா அழுத்திப் புதைச்சுட்டு அப்புறம் லெவல் பாருங்க. வெளிய லென்ஸ் கழட்டாதீங்க, துணியால தேய்க்காதீங்க, தூசிக்குக் காத்தடிக்கற ப்ளோயர் மட்டும்.