புதுப்பிப்பு: சில்லுப் பெயர்ந்த சம்ப் தொட்டி

மீன்தொட்டிக்குக் கீழிருந்து அதன் நீரை வடிகட்டித் தரும் சம்ப் தொட்டியின் அடிமூலையில் சுண்டுவிரல் நகமளவு கண்ணாடி பெயர்ந்துவிட்டது, ஒட்டலாமா, தூக்கி எறிய வேண்டுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். ஒட்டிவிட்டேன், இதுவரை ஒரு சொட்டும் கசியவில்லை.

விரிசல் உள்ளே ஓடவில்லை என்பதை இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே தொடங்கினேன். கூரான விளிம்பை ஈர உப்புத்தாளால் தேய்த்து, பழைய சிலிக்கான் பசையின் மேல் புதியது சரியாகப் பிடிக்காது என்பதால் உள்மூலையில் இருந்ததைப் பிளேடால் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, பூஞ்சைக்கொல்லி கலக்காத சிலிக்கானைப் பூசி, 6 மில்லிமீட்டர் கண்ணாடித் துண்டொன்றை உட்புறமாக அழுத்தி ஒட்டினேன்.

என் கணக்குத் தவறியது காயவிடும் நேரத்தில்தான். காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் சிலிக்கான் இறுகும் என்பதால் குன்னூரின் மூடுபனி கைகொடுக்கும் என்று நம்பியிருந்தேன். ஆனால் குளிர் அந்த வேதிவினையையே மந்தமாக்கிவிடுகிறது. பசைக் குழாயில் 24 மணி நேரம் என்று போட்டிருந்தது. எனக்கோ இறுகும்போது வரும் வினிகர் வாடை நான்காம் நாளும் மூக்கைத் துளைத்தது. ஆறாம் நாள் வாடை அடங்கிய பின், செய்தித்தாளை விரித்து அதன்மேல் தொட்டியை வைத்து நீர் நிரப்பினேன். மறுநாள் காலை, இந்த ஊர்ப் பனியில் வழக்கமாக ஊறும் அளவுக்கு மேல் தாள் நனைந்திருக்கவில்லை.